கழிக்கரையில் ஒரு மண்டகப்படி

விடுமுறை நாள் வந்துவிட்டால், சென்னையிலிருந்து வடக்கே புறப்படும் வண்டிகளில் ஒரு பகுதி பொன்னேரியைக் கடந்து பழவேற்காட்டுச் சாலையில் திரும்பிவிடும். ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர்ப் பயணம். போய்ச் சேரும் இடத்தில் ஒருபுறம் வங்கக் கடல். மறுபுறம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பரந்து கிடக்கும் உப்பங்கழி. இரண்டுக்கும் நடுவே ஒடுங்கி நீண்டு கிடக்கும் மணல்தீவு. இளையவர்கள் வண்டி நின்றவுடன் இறங்கிக் கடலை நோக்கி ஓடுகிறார்கள். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். படகு கிடைக்குமா என்று விசாரிக்கிறார்கள். பொழுது சாயுமுன் ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

அவர்களோடு வந்த பெரியவர்களின் நிலை வேறு. மணலில் நடக்க முழங்கால் இடம் கொடுப்பதில்லை. வெயில் தாங்குவதில்லை. வாழ்நாள் முழுவதும் மரக்கறி உணவே உண்டு பழகியவர்களுக்கு அந்தக் கரையின் மணமும் ஒத்துக்கொள்வதில்லை. வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மேலாடையால் மூக்கை மூடியபடி, பேரப்பிள்ளைகள் எப்போது வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 'இந்த ஊரில் கோயில் குளம் என்று நமக்கு என்ன இருக்கப்போகிறது?' என்ற எண்ணமே பலருக்கும்.

இருப்பதை அறிந்துகொண்டால், அந்த ஒரு நாள் தரிசன நாளாகவே மாறிவிடும். கோயில் மட்டுமன்று, கோயிலில் பெரியவர்கள் காலங்காலமாகக் கண்டு வரும் ஒரு நல்ல முறை அந்தக் கழிநீரின் மேலும் நடந்து வருவதைக் காணலாம்.

வழியில் இரு தரிசனங்கள்

பொன்னேரி ஆரணியாற்றங்கரை ஊர். அங்கே ஆனந்தவல்லி அம்பிகையுடன் அகத்தீசுவரர் எழுந்தருளியிருக்கிறார். பெயரே சொல்வதுபோல், அகத்திய முனிவர் வழிபட்ட மூர்த்தியாகப் போற்றப்படுபவர். அருகிலேயே திருவாயர்பாடியில் கரிகிருஷ்ணப் பெருமாள் சந்நிதி. ஆண்டுதோறும் சித்திரைப் பெருவிழாவில் பெருமாள் கருட வாகனத்திலும் ஈசுவரன் நந்தி வாகனத்திலும் புறப்பட்டு வந்து ஒருவரையொருவர் சந்திக்கும் காட்சி, இந்த வட்டாரம் முழுவதும் காத்திருக்கும் காட்சியாகும். சைவர் வைணவர் என்ற வேறுபாடு கருதாமல் சுற்றுவட்டார மக்கள் அன்று பொன்னேரியில் கூடிவிடுவார்கள். சந்திப்பு முடிந்ததும் அவரவர் வாகனம் அவரவர் சந்நிதிக்குத் திரும்பும். ஒருவர் வீதியை ஒருவர் எடுத்துக்கொள்வதில்லை. ஒருவருக்காக ஒருவர் வராமல் இருப்பதும் இல்லை.

பொன்னேரியைத் தாண்டிக் கிழக்கே சென்றால் திருப்பாலைவனம். பெயரைக் கேட்டவுடன் மணல்வெளியை நினைத்துக்கொள்ள வேண்டாம். பாலை மரங்கள் அடர்ந்த வனம் என்பதே பொருள். திருப்பாலீசுவரர் அங்கே கோயில் கொண்டிருக்கிறார். முதலாம் இராசேந்திர சோழன் படையுடன் இவ்வழியே வந்தபோது, பாலை மரத்தடியில் இறைவன் வெளிப்பட்டதாகத் தலவரலாறு கூறுகிறது. காலை வேளையில் கூட்டமே இல்லாத பெரிய பிராகாரம், நிழல், அமைதி. முழங்கால் நோவுள்ளவர்களும் மெல்ல வலம் வரலாம்.

இவ்விரண்டு தலங்களையும் தரிசித்துவிட்டுப் பழவேற்காட்டை அடைவது முறை. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே புறப்பட்டுவிடுவது நல்லது.

செம்புராங்கல்லில் இராமகாதை

பழவேற்காடு என்னும் பெயர் பழமையான வேலங்காட்டைக் குறிக்கும் என்பர். திருவேற்காட்டைத் தரிசித்த அன்பர்களுக்கு இந்தப் பெயர் புதிதாகத் தோன்றாது. அத்தலத்தின் மரமும் வெள்வேல மரமே. விஜயநகர மன்னர்களின் காலத்தில் இது பெயர் பெற்ற துறைமுகமாக விளங்கியது. இங்கிருந்து வண்ணத் துணிகள் கீழ்த்திசை நாடுகளுக்குக் கப்பலேறின. டச்சுக்காரர்கள் 1613-இல் ஜெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டிக்கொண்டு, சோழமண்டலக் கடற்கரை வணிகத்துக்கு இவ்வூரையே தலைமையிடமாக ஆக்கினார்கள். 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். அதன் பிறகு பழவேற்காட்டின் வணிகச் சிறப்பு படிப்படியாகக் குறைந்தது. கோட்டை அழிந்தது. எஞ்சியது கல்லறைத் தோட்டம். வருவோர் அனைவரும் பார்ப்பது அதைத்தான்.

அவர்களில் பலர் பாராமல் போய்விடுவது ஆதிநாராயணப் பெருமாள் கோயிலை. விஜயநகரக் காலத்துத் திருப்பணி. கருங்கல்லுக்குப் பதிலாகச் செம்புராங்கல்லைக் கொண்டு கட்டிய கோயில். செம்புராங்கல் துளையும் சொரசொரப்புமாக இருக்கும். வீட்டுச் சுவருக்கும் கிணற்றுக்கும் பயன்படுமே அன்றி, நுண்ணிய சிற்ப வேலைக்கு எளிதில் இடம் கொடுக்காது. அந்தக் கல்லில் ஒரு சிற்பி இராமகாதையைச் சின்னஞ்சிறு காட்சிகளாகச் செதுக்கியிருக்கிறார். காலமும் உப்புக்காற்றும் அரித்தவை போக எஞ்சியவற்றை, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்ட நின்று பார்க்க வேண்டும். இராமகாதையைச் சிறுவயது முதல் கேட்டவர்களுக்கே அந்தச் சிறிய உருவங்கள் பேசும். கடற்கரையிலிருந்து திரும்பி வரும் பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தி, இது இன்ன காட்சி என்று சொல்லிக் கொடுக்கப் பெரியவர்களைவிடத் தகுந்தவர் எவர்?

சமயேசுவரர் என்னும் திருநாமத்துடன் சிவபெருமானும் இவ்வூரில் கோயில் கொண்டிருக்கிறார். ஒரு காலத்தில் கப்பல்கள் வந்து போன பட்டினத்தில் அரிக்கும் அரனுக்கும் இடம் இருந்தது. கப்பல்கள் போய்விட்டன. கோயில்கள் தங்கிவிட்டன. கோயில்களோடு தங்கிவிட்டவர்கள் கழியையும் கடலையும் நம்பி வாழும் மீனவ மக்கள்.

பாடு என்னும் முறை

பழவேற்காட்டுக் கழி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் அடங்கும்; தென்பகுதி தமிழ்நாட்டில் உள்ளது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன; முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. இரண்டு நீரும் கலக்கும் இடத்தில்தான் இறால் வளர்கிறது. வளர்ந்த இறால் ஓதத்தின் போக்கில் ஓடைகளின் வழியே கடலை நோக்கி நகரும். அந்த ஓடைகளில் கழிகளை நட்டு வலை கட்டி நிற்பது இவ்வூரார் தொழில்களில் ஒன்று.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. எல்லா ஓடையும் ஒன்றுபோல் இராது. ஓர் இடத்தில் வலை நிறையும். மற்றோர் இடத்தில் வெறும் பாசி வரும். நல்ல இடம் யாருக்கு? வலிமை உள்ளவனுக்கா, விடியுமுன் வந்தவனுக்கா, பணம் கொடுப்பவனுக்கா? இந்தக் கேள்விக்குக் கழிக்கரை மக்கள் தலைமுறை தலைமுறையாக ஒரு விடை வைத்திருக்கிறார்கள். அதற்குப் 'பாடு' என்று பெயர்.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் இந்தப் பாட்டு முறைக்கு உரியவை. ஊரில் ஒவ்வொரு குடும்பத் தலைவனும் ஒரு தலைக்கட்டு. கும்பாபிஷேகத்துக்குத் தலைக்கட்டு வரி கொடுத்துப் பழகியவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. தலைக்கட்டுகளின் பட்டியல் ஊர்ப் பெரியவர்களிடம் இருக்கும். ஊர் கூடிச் சீட்டுப் போடும். யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்பது அதன்படி முறை வைத்துச் சுற்றி வரும். இன்று நல்ல ஓடை கிடைத்தவர் நாளை அதை விட்டுக் கொடுத்துவிட்டு வேறிடம் போக வேண்டும். இன்று வெறும் வலையோடு திரும்பியவருக்கு நல்ல ஓடையின் நாள் வந்தே தீரும். கழி யாருடைய சொத்தும் அன்று. ஆனால் அன்றைய நாள், அன்றைய இடம், அவருடையது. அதில் வேறொருவர் வலை போட மாட்டார்.

'பாடு' என்னும் தமிழ்ச்சொல்லுக்கு உழைப்பு என்றும் பொருள் உண்டு. துன்பம் என்றும் பொருள் உண்டு. 'அவரவர் பாடு அவரவர்க்கு' என்று வீட்டில் சலிப்போடு சொல்வதுண்டு. கழிக்கரையில் அதே சொல் முறையாகவும் உரிமையாகவும் வழங்குகிறது. அவரவர் பாடு அவரவர்க்குக் கிடைக்க வேண்டும் என்பதை ஊரே பார்த்துக்கொள்கிறது.

ஓலையும் சீட்டும்

இதைப் படிக்கும்போது கோயிலோடு பழகியவர்களுக்கு ஒன்று நினைவுக்கு வரலாம். பத்து நாள் உற்சவத்தில் முதல்நாள் இன்னார் மண்டகப்படி, இரண்டாம் நாள் இன்னார் மண்டகப்படி என்று ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தாருக்கோ ஒரு மரபினருக்கோ உரியதாக இருக்கும். பெருமாள் யாருக்கும் தனி உடைமை அல்லர். ஆயினும் அந்த ஒரு நாள் அவர் அந்தக் குடும்பத்தாரின் பந்தலில் எழுந்தருளுவார். அன்று அவர்கள் ஏழையாக இருந்தாலும் ஊர் அவர்களுக்கு வழிவிடும். மறுநாள் காலையில் பந்தல் பிரித்து, அடுத்தவர்க்கு இடம் விட்டாக வேண்டும். அர்ச்சகர்களுக்குள்ளும் முறை உண்டு. தன் முறை முடிந்தால் சந்நிதியின் திறவுகோலை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். கழிக்கரையில் நடப்பதும் ஒரு மண்டகப்படியே. எழுந்தருளி வருவது ஓதநீர். பந்தல் போடுவது வலை.

சீட்டுப் போட்டு முடிவு செய்வதும் கோயிலுக்குப் புதிதன்று. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் கல்வெட்டுகள் உலகப் புகழ் பெற்றவை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட அவை, ஊர்ச் சபைக்கு உரியவர்களைக் குடவோலையால் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்கின்றன. தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். இன்றும் குடும்பங்களில் ஒரு முடிவுக்கு வர இயலாதபோது, சந்நிதியில் பூக்கட்டிப் போட்டுப் பார்ப்பதுண்டு. எடுக்கும் கை மனிதனுடையது. கொடுப்பவன் வேறொருவன் என்ற நம்பிக்கையே இவை அனைத்திலும் அடிநாதம். அந்த நம்பிக்கை இருக்கும்வரை, சீட்டில் மோசமான இடம் வந்தவனுக்கும் பக்கத்து வீட்டுக்காரன்மேல் பகை வராது.

சோழமண்டலக் கடற்கரையின் மீனவ ஊர்களில் ஊர்க்கூட்டம் பெரும்பாலும் கோயிலின் முன்னேதான் கூடும். ஆடி மாதத்தில் கூழ் வார்க்கும் இடமும் அதுவே. வழக்குப் பேசித் தீர்க்கும் இடமும் அதுவே. அம்மன் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் பொய் சொல்லத் தயங்குவார் என்பது முன்னோர் கண்ட நுட்பம்.

முதல் மீன்

மீன் பிடிப்போர் ஊரில் பக்திக்கு என்ன வேலை என்று எண்ணுவோர், சேக்கிழார் பெருமான் பாடிய அறுபத்து மூவரை ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்களுள் ஒருவர் அதிபத்த நாயனார். நாகப்பட்டினத்துக் கடற்கரையில் நுளைப்பாடியில் பிறந்த மீனவர், மீனவர்களின் தலைவர். வலையில் வரும் மீன்களில் ஒன்றைச் சிவபெருமானுக்கு என்று கடலில் விட்டுவிடுவது அவருடைய நியமம். வலை நிறைந்த நாள்களில் அது எளிது. ஒரு காலம் வந்தது. நாள் முழுவதும் வலை வீசினாலும் ஒரே ஒரு மீன்தான் கிடைத்தது. அந்த ஒன்றையும் இறைவனுக்கு என்று விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். நாள்கள் பல சென்றன. செல்வம் சுருங்கியது, சுற்றத்தார் பசித்தனர், நாயனாரின் உடல் தளர்ந்தது. நியமம் தளரவில்லை. கடைசியில் ஒருநாள் வலையில் வந்தது பொன்னாலும் மணியாலும் ஆன மீன். உலகையே விலை பெறும் அந்த மீனையும், 'இது என்னை ஆளுடைய பெருமானுக்கு' என்று அலைமேல் விட்டார். பெருமான் விடைமேல் தோன்றினார். ஆவணி மாத ஆயில்ய நட்சத்திரத்தில் சிவாலயங்களில் இவருக்குக் குருபூஜை நடைபெறுகிறது.

இந்த வரலாற்றைக் கேட்போர் பொன் மீனையே நினைவில் வைத்துக்கொள்வர். அதனினும் கடினமானது அதற்கு முந்தைய நாள்களின் ஒற்றை மீன். பசித்திருக்கும்போது கையில் உள்ள ஒன்றை 'என்னுடையது அன்று' என்று விடுவதற்கு எத்தகைய மனம் வேண்டும்! மதுரைத் திருவிளையாடலிலும் அம்பிகை பரதவர் குலத்தில் வளர, ஈசனே வலைஞனாக வந்து வலை வீசினான் என்று புராணம் பேசுகிறது. வலை பிடித்த கையைத் தெய்வம் விலக்கி வைக்கவில்லை. மேலாடையால் மூக்கை மூடிக்கொள்ளும்போது இதைச் சற்று நினைத்துக்கொள்ளலாம்.

இக்கரையில் கடலாமைக்கு வழங்கும் பெயர் பங்குனி ஆமை. தை முதல் பங்குனி வரை நள்ளிரவில் மணலேறி முட்டையிட வருவதால் அப்பெயர். கூர்ம அவதாரத்தை நினைந்து, வலையில் சிக்கிய ஆமையை மீண்டும் கடலில் விடும் மீனவர்கள் இக்கடற்கரையில் உண்டு.

பங்கு எட்டாதவர்கள்

மண்டகப்படியிலும் பெயர் இல்லாதவர்கள் இருப்பார்கள். பாட்டிலும் அப்படியே. பட்டியலில் இடம் பெற்ற குடும்பங்களுக்கே ஓடையில் உரிமை. கழியை நம்பி வாழும் மற்றவர்கள், சிறப்பாக இருளர் மக்கள், அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறாலைப் பிடிப்பார்கள். இரண்டு கைகளும் நீருக்குள் இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியை வாயால் கவ்விக்கொண்டே நகர்வார்கள். வலையும் இல்லை; படகும் இல்லை; முறையும் இல்லை. தலைமுறை கடந்த நல்ல முறைக்கும் குறை உண்டு என்பதை அந்தக் குனிந்த முதுகுகள் காட்டுகின்றன. தங்களுக்கும் இடம் வேண்டும் என்று பிறர் கேட்பதும், அதனால் ஊர்களுக்குள் மனத்தாங்கல் எழுவதும் பழவேற்காட்டில் நடந்துவரும் செய்தியே. ஒரு காலத்தில் கோயிலுக்குள்ளேயே நுழைய இயலாதிருந்தவர்களுக்குக் கதவு திறந்ததைக் கண்ட தலைமுறை இன்னும் மறையவில்லை. முறை என்பது விரிய விரியத்தான் தருமமாகிறது.

எல்லோருடைய பங்கையும் ஒருங்கே குறைக்கும் இன்னொன்று உண்டு. கோடையில் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அடைத்துக்கொள்ளும். கடல்நீர் உள்ளே வராது. கழிநீர் சூட்டில் வற்றி, உப்பு மிகும். இறால் குஞ்சுகள் கடலிலிருந்து ஏறி வர வழியிராது. படகுகள் கடலுக்குப் போக வழியிராது. மீனவர்கள் பன்னெடுங்காலமாக மணலைத் தாங்களே வெட்டி வழி திறந்து பார்த்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் ஆறு பெருகி அடைப்பை உடைக்கும் வரை காத்திருந்திருக்கிறார்கள். முகத்துவாரம் நிலையாகத் திறந்திருக்க வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை. தெற்கே காட்டுப்பள்ளியில் துறைமுகத்தைப் பெரிதாக்கும் திட்டத்துக்கு அவர்கள் எதிர்ப்புத் தெரிவிப்பதும் இந்தக் கவலையால்தான். கடலுக்கும் கழிக்கும் நடுவே உள்ள அந்த ஒல்லியான மணல்தீவு அரிக்கப்பட்டால், சீட்டுப் போட ஓடையே இராது என்பது அவர்கள் அச்சம்.

தீர்த்தங்களைப் போற்றுபவர்களுக்கு இது அயலான செய்தியன்று. குளத்துக்கு நீர் வரும் வரத்துக்கால்வாய் அடைபட்டால் தெப்போற்சவம் நின்றுபோவதை எத்தனையோ ஊர்கள் கண்டிருக்கின்றன.

விருந்தினரின் பாடு

பழவேற்காட்டுக்கு வரும் விருந்தினருக்கும் ஒரு பாடு உண்டு. அது ஒரு நாள். காலை முதல் மாலை வரை. அந்த ஒரு நாளைப் பயன்படுத்தும் முறையும் அறிய வேண்டும்.

2011 டிசம்பர் 25 அன்று, விடுமுறையைக் கழிக்க வந்த ஒரு கூட்டத்தார் ஏறிய படகு இங்கே கவிழ்ந்து, 22 பேர் உயிரிழந்தனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். அதன் பின்னர் உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. இருந்தும், 'ஒரே ஒரு சுற்று' என்று படகுக்காரர்களை வற்புறுத்துவோர் இன்றும் உண்டு. கழி மேலே பார்க்க அசைவற்றுக் கிடக்கும். முகத்துவாரத்தை ஒட்டி உள்ளே இழுக்கும் நீரோட்டம் பழகியவர்களுக்கே தெரியும். குடும்பத்தில் பெரியவர்கள் உறுதியாக நின்று 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டிய இடம் அது. பெரியவர்களை உடன் அழைத்து வருவதன் பயன்களில் அதுவும் ஒன்று.

படகில் ஏறாமலே கழியைக் காணலாம். ஊரிலிருந்து கழியைக் கடந்து கலங்கரை விளக்கக் குப்பத்துக்குச் செல்லும் பாலம் இருக்கிறது. கார்த்திகை கழிந்து மாசி வரையிலான மாலைகளில், ஆழமில்லாத நீரில் பூநாரைகள் கூட்டமாக நின்று இரை தேடுவதைத் தொலைவிலிருந்து பார்க்க வாய்ப்புண்டு. இந்தக் கழியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். பறவைகளும் இங்கே ஒரு பாடு பெற்றவை. பருவம் முடிந்ததும் அவை இடத்தை விட்டுவிட்டுப் பறந்துவிடும்.

வீட்டுக்கு ஏதேனும் வாங்க வேண்டுமானால், பனையோலையால் பின்னிய பெட்டிகள் இவ்வூரின் தனிச்சிறப்பு. பழவேற்காட்டு இசுலாமியப் பெண்கள் தலைமுறையாகச் செய்துவரும் கைவேலை அது. மூடியுள்ள சிறு ஓலைப்பெட்டியில் விபூதியும் குங்குமமும் வைத்துப் பூஜை மாடத்தில் வைக்கலாம். பிரசாதம் எடுத்துச் செல்லலாம். நெகிழிப் பையைக் கரையில் விட்டுவிட்டு ஓலைப்பெட்டியைக் கையில் கொண்டு போவது நல்ல மாற்றமன்று. நெகிழிப் பையைக் கொண்டுவராமலே இருப்பதுதான் நல்லது. காற்றில் பறக்கும் ஒவ்வொரு பையும் ஏதோ ஒரு தலைக்கட்டின் வலையில்தான் போய்ச் சிக்கும்.

ஆதிநாராயணப் பெருமாளுக்குக் கொஞ்சம் துளசியும், வழியில் உள்ள சிவாலயங்களுக்குக் கொஞ்சம் எண்ணெயும் கொண்டுபோனால் போதும். பெரிய தலங்களில் ஆயிரம் விளக்குகளுக்கு நடுவே ஆயிரத்தோராவது விளக்காக எரிவதை, இத்தகைய சந்நிதிகளில் முதல் விளக்காக ஏற்றி வைக்கலாம்.

பொழுது சாய்கிறது. கடற்கரையிலிருந்து பேரப்பிள்ளைகள் கால் முழுக்க மணலோடு திரும்பி வருகிறார்கள். வண்டிகள் ஒவ்வொன்றாகப் புறப்படுகின்றன. அந்நேரத்தில்தான் கழிக்கரையில் வேலை தொடங்கும். ஓதம் மாறும் வேளையை எதிர்பார்த்து, அன்றைய பாட்டுக்கு உரியவர்கள் கழிகளையும் வலையையும் சுமந்துகொண்டு ஓடைக்குப் போகிறார்கள். வலை நிறையலாம், நிறையாமலும் போகலாம். விடிந்ததும் வலையை அவிழ்த்து, கழிகளைப் பிடுங்கிக்கொண்டு கரையேறிவிடுவார்கள். அந்த இடம் அதன் பிறகு அடுத்த தலைக்கட்டினுடையது.